எழுந்தமானமாக ஒரு கோடு

மகள், நீ ஆங்கிலப் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, ஆர்பிட்ரரிலி எண்டா என்ன?" என்று கேட்டாய். அகராதியில் 'தன்னிச்சையாக, எழுந்தமானமாக' என்று போட்டிருக்கிறதாம். அதற்கு மேல் விளங்கவில்லையாம். பக்கத்தில் நின்ற உன் தம்பி, "அப்பாக்கிட்டப் போய் இங்கிலிஷ் கேக்கிறா" என்று சிரித்தான். அவன் சிரித்ததில் பிழையில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு வயலில் இறங்கியவன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முக்கால்வாசி உழவு இயந்திரத்தின் உதிரிப்பாகங்களின் பெயர்கள். ஆனால் இந்த ஒரு சொல்லை நான் நன்றாக அறிவேன். போன சிறுபோகத்தில், அந்தக் கோடை விதைப்பில், எங்கள் வயல்வெளியான வட்டையில் நெல்லைவிட அதிகமாக விளைந்தது இந்தச் சொல்தான்.

ஆகவே உங்கள் இரண்டு பேருக்குமாக இதை எழுதுகிறேன். உங்கள் மாமா கட்டாரில் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே போயிருக்க வேண்டியவன் நான் என்பது தெரியாது. அவர் ஏன் போனார், நான் ஏன் இங்கே உட்கார்ந்து உங்கள் கொப்பித் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால், சொல்லின் பொருளும் கூடவே வந்துவிடும்.

குளத்தில் தண்ணீர் குறைவு. மாரியில் மழை ஏமாற்றிவிட்டது. சிறுபோகத்துக்கு வட்டையில் பாதி வயலுக்குத்தான் தண்ணீர் காணும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எந்தப் பாதி என்பதுதான் தெரியாது. தண்ணீர் வந்தால் நான் இங்கே விதைப்பேன், வராவிட்டால் கட்டாருக்குப் போவேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். நகரத்தில், புளியந்தீவில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரர் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அம்மா அன்றிலிருந்து காலையும் மாலையும் வானத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

விதைப்புக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டம் எங்கள் ஊர் மண்டபத்தில் நடந்தது. நீர்ப்பாசன அதிகாரி வட்டையின் வரைபடத்தை மேசையில் விரித்தார். அது சுருண்டு சுருண்டு வந்தது. நான்கு மூலையிலும் தேநீர்க் கோப்பைகளை வைத்து அடக்கினார். பேனையை எடுத்து நடு மதகில் ஒரு கோடு போட்டார்.

"இதுக்கு மேல தண்ணி. கீழ இல்ல."

அந்த மதகுக்கு மேலே கடைசி வயல், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் ஏறாவூர் முஸ்லிம் பெரியவருடையது. கீழே முதல் வயல் என்னுடையது. அதற்கு அடுத்தது மாமாவுடையது. கோடு காக்காவின் வரம்பையும் என் வரம்பையும் வகிடு எடுத்ததுபோலப் பிரித்துவிட்டது.

நான் எழும்பிக் கேட்டேன். "ஏன் சேர் மேல் பாதி?"

"கீழ் பாதி எண்டு சொன்னா மேல இருக்கிறவங்க கேக்க மாட்டாங்களா?"

"அவங்க கேக்கிற நேரம் கேக்கட்டும். இப்ப நாங்க கேக்கிறம்."

"ரெண்டில ஒண்டச் சொல்லத்தானே வேணும். சொல்லிட்டன்."

இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் பெரிய தவறு தெரியவில்லை. அப்போது அந்தப் பதில் எங்கள் வயிற்றில் அடித்ததுபோல இருந்தது. கீழ்ப் பாதிக்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஒரே நேரத்தில் கத்தினால் யாருடைய நியாயமும் கேட்காது. அந்த இரைச்சலுக்குள்தான் மாமா எழும்பினார். அவர் உயர்தரம் வரை படித்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, விரலை நீட்டி, ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"சேர், யூ ஹேவ் டிசைடட் ஆர்பிட்ரரிலி!"

மண்டபம் அடங்கிவிட்டது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "வார்த்தையப் பாத்துக் கதைங்க" என்றார். முகம் சிவந்துவிட்டது. எங்களில் ஒருவருக்கும் அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் நல்ல சொல் என்று விளங்கிவிட்டது. கைதட்டினோம்.

"அப்ப நீங்களே கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்க. மறுகா என்னை ஒருத்தரும் குறை சொல்லப்படாது" என்று அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். கோப்பைகள் இரண்டு கவிழ்ந்தன.

மறுநாள் நானும் மாமாவும் நகரத்துக்குப் போக மண்டூர்த் துறையில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறினோம். மோட்டார் சைக்கிள்கள், மரக்கறிக் கூடைகள், வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பாதை வாவியில் மெல்ல ஊர்ந்தது. நான் மாமாவிடம் பொருள் கேட்டேன்.

"ஒருத்தன் காரணம் ஒண்டும் சொல்லாம, தன்ட மனசில எழும்பினத அப்பிடியே முடிவெண்டு சொல்றது" என்றார். "எழுந்தமானம் எண்டா அதுதானே மச்சான். மனசில எழுந்தது, அவ்வளவுதான்."

"தாயக்கட்டை உருட்டுற மாதிரியா?"

"இல்ல. அதுக்கு வேற சொல்லு இருக்கு. கட்டை உருண்டா அதில ஆருடைய மனசும் இல்ல. இதில ஒருத்தன்ட மனசு இருக்கு. தந்திருக்கலாம், தரல்ல. அதுதான் குத்துது."

எனக்கு விளங்கியது. இவ்வளவு தெளிவாக எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் எதையும் சொன்னதில்லை. உடனே ஒரு சந்தேகமும் வந்தது.

"அப்ப, நான் பொண்ணு பாக்க வந்த நேரம் உன்ட தங்கச்சி என்னைப் பிடிச்சிருக்கு எண்டு சொன்னாளே, அது?"

"சந்தேகமே இல்ல, ஆர்பிட்ரரிலி. காரணம் இருந்தா இவ்வளவு காலத்துக்கு ஒருக்காலாவது சொல்லியிருப்பாளே."

பக்கத்தில் நின்ற கூடைக்காரி வரை சிரித்தாள்.

புளியந்தீவில் ஏஜென்சிக்காரர் என் பாஸ்போட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மாசமுடிவுக்குள் சொல்லச் சொன்னார். "தண்ணி வந்தா நான் போகல்ல" என்றேன். "தண்ணி வந்தா ஆரும் போறதில்ல அண்ணன்" என்றார். வெளியே வந்தபோது மாமா என்னைக் கேலி செய்தார். மச்சான் ஒட்டகம் மேய்க்கப் போகிறாராம், ஒட்டகத்துக்கு மட்டக்களப்புத் தமிழ் விளங்குமா என்றார். அவருக்குப் போகும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. தண்ணீர் வராவிட்டால் ஆற்றில் வலை வீசிச் சமாளிப்பேன் என்றார்.

அந்தக் கிழமையில் சொல் ஊருக்குள் இறங்கிவிட்டது. தேநீர்க் கடையில் ஒருவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனிய ஆர்பிட்ரரிலி போட்டிருக்கான்" என்றார். அம்மா ஒருநாள் சோற்றை வைத்துவிட்டு, "இண்டைக்கு உப்பு ஆர்பிட்ரரிலிதான், பேசாமத் தின்னுங்க" என்றாள். ஒருவருடைய ஆடு அடுத்த வீட்டுப் பயற்றங்கொடியை ஆர்பிட்ரரிலி தின்றுவிட்டது என்று சண்டை வந்தபோது மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சொல்லைக் கொண்டுவந்தவர் அவர்தானே.

"ஆட்டுக்குக் காரணம் இருக்குகா! பசி! காரணம் இருந்தா அது இதில சேராது!"

"அப்ப பசியோட முடிவெடுத்தா?" என்று ஆட்டுக்காரர் கேட்டார்.

"அது பசியோட எடுத்த முடிவு."

மகள், பரீட்சையில் இந்தச் சொல் வந்தால் ஆட்டைப் பற்றி எழுதாதே. ஆட்டுக்கு முன்னால் சொன்னதுவரை போதும்.

இனி பிள்ளையார் கதை. நாங்களே முடிவெடுக்க வேண்டும் என்று அதிகாரி விட்டுவிட்டாரே, நாங்கள் கூடினோம். பேசினோம். மேல் பாதிக்காரருக்கு மேல் பாதிதான் நியாயமாகத் தெரிந்தது. எங்களுக்குக் கீழ்ப் பாதி. அப்போது வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானை, "மனுசன் வேணாம், பூக்கட்டிப் பாப்பம்" என்றார். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வது. வந்தது சாமியின் விருப்பம். எல்லோருக்கும் சம்மதம்.

எந்தச் சாமி என்பதில் பிடித்தது சண்டை. நாங்கள் மண்டூர் முருகன் என்றோம். மேல் பாதிக்காரர் சித்தாண்டி முருகன் என்றார்கள். இரண்டும் ஒரே முருகன்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். கீழ்ப் பாதியில் பலர் மண்டூரில் பெண் எடுத்தவர்கள், மேல் பாதியில் பலருக்குச் சித்தாண்டியில் சொந்தம். சாமிக்கு ஊர்ப் பக்கம் மனம் சாயும் என்று இரண்டு பக்கமும் வெளியில் சொல்லாமல் நம்பியது. கடைசியில் வட்டவிதானைதான் முடிச்சை அவிழ்த்தார்.

"குளக்கட்டில இருக்கிற பிள்ளையாரிட்டப் போவம். அவருக்குப் பொண்டாட்டியும் இல்ல, மச்சான்மாரும் இல்ல."

காக்காவையும் கேட்டோம். அவர் வெற்றிலைச் சிவப்போடு சிரித்தார். "எந்தப் பூ வந்தாலும் எனக்குச் சம்மதம் தம்பி. அல்லாட நாட்டம் இல்லாமப் பூவும் வராது. பூசைக்கு மட்டும் என்னக் கூப்பிடாதிங்க, மரத்தடியில நிக்கிறன்."

பிறகு வெள்ளை மேலுக்கா, கீழுக்கா என்று ஒரு கேள்வி. வட்டவிதானை வெள்ளை மேலுக்கு என்றார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் ஒரே அளவு வாழையிலைத் துண்டில் கட்டப்பட்டன. அடுத்தது யார் எடுப்பது. வழக்கப்படி அறியாத பிள்ளை ஒன்றுதான் எடுக்க வேண்டும். தம்பி, உன்னை நான் முன்னால் விட்டேன். மேல் பாதிக்காரர், "அது அவர்ட பிள்ளை, கண்ணாலயே கதைப்பான்" என்றார்கள். அவர்களுடைய பிள்ளையை நாங்கள் விடவில்லை. அறியாத பிள்ளை என்று ஒன்று எங்கள் ஊரில் இல்லை என்பது அன்று தெரிந்தது.

அந்த நேரம் குளக்கட்டு வழியே ஐஸ்பழம் விற்கிறவர் மணியை அடித்துக்கொண்டு வந்தார். வெளியூர் மனிதர். நரைத்த மீசை. இருந்தாலும் எங்கள் தண்ணீரைப் பற்றி அறியாதவர்தானே. அவரையே பிள்ளையாக வைத்துக்கொண்டோம்.

"எதை எடுக்கோணும்?" என்று கேட்டார்.

"உங்கட விருப்பம்."

"அப்பிடிச் சொன்னா எப்பிடி? உங்களுக்கு எது வேணும் எண்டு சொல்லுங்க, எடுத்துத் தாறன்."

கூடியிருந்த நாற்பது பேரும், "சொல்ல ஏலாது!" என்று கத்தினார்கள். அவர் பயந்துவிட்டார். வலது கையில் ஐஸ்பழப் பாகு ஒட்டியிருந்தது. சாமி காரியம் என்று கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த கைக்கு எது கிட்ட இருந்ததோ அதை எடுத்தார். அவிழ்த்தால் நந்தியாவட்டை. மேல் பாதி.

அதிகாரி போட்ட அதே கோடு.

இப்போது நீங்கள் கீழ்ப் பாதிக்காரர் கத்தியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். ஒரு சத்தமும் இல்லை. தேங்காய் உடைத்தோம். விபூதி பூசினோம். ஒருவர், "பிள்ளையார் ஒண்டு நினைச்சுத்தான் செய்வார்" என்றார். எல்லோரும் ஐஸ்பழம் வாங்கிச் சாப்பிட்டோம். அந்த மனிதருக்கு அப்படி ஒரு வியாபாரம் முன்பும் நடந்திருக்காது. முடிவைச் சொல்ல நானும் மாமாவும் போனபோது அதிகாரிக்குத் தாங்க முடியவில்லை.

"நானும் இதத்தானே சொன்னன்!"

மாமா மிக மரியாதையாகப் பதில் சொன்னார். "நீங்க சொன்னது ஆர்பிட்ரரிலி சேர். இது பிள்ளையார் சொன்னது."

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து, முன்பு போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டார்.

நான் வீட்டுக்கு வந்து பயணப் பையைப் பரணிலிருந்து இறக்கினேன். அம்மா அதைத் தூசி தட்டினாள். தட்டி முடிந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் வட்டையில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் குறைந்த போகத்தில், தண்ணீர் கிடைத்தவர் தன் வயலில் ஒரு துண்டைத் தண்ணீர் கிடைக்காத ஒருவருக்கு அந்தப் போகத்துக்கு மட்டும் விட்டுக்கொடுப்பார். யாருக்குக் கொடுப்பது என்பது கொடுப்பவருடைய மனம். இவர் போய்க் கேட்கக் கூடாது, அவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. காக்கா இந்தமுறை ஒரு துண்டு விடுவார் என்று தெரியும். யாருக்கு என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. முந்தின வருச மாரியில் காக்காவின் உழவு இயந்திரம் சேற்றில் புதைந்தபோது அரை நாள் நின்று தூக்கிவிட்டவர் மாமா. அவருடைய மகளின் கலியாணத்துக்குப் பந்தல் போட்டவரும் மாமா. நானோ அவருக்கு வணக்கம் சொன்னதைத் தவிர வேறொன்றும் செய்தவனில்லை.

மறுநாள் காலையில் வயலைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வருவோம் என்று வரம்பில் போனேன். காக்கா எதிரே வந்தார்.

"தம்பி, ஏன் மொகம் இப்பிடி இரிக்கி? மதகோட ஒட்டின துண்ட இந்தப் போகம் நீங்க செய்ங்க."

"காக்கா, என்ட மச்சான்..."

"அவரும் நல்ல மனுசன்தான்."

"அவர்தானே உங்களுக்கு..."

"ஓம், ஓம். இப்ப நீங்கதானே எதிர்ப்பட்டிங்க." வெற்றிலையைத் துப்பிவிட்டு அவர் நடந்துவிட்டார்.

மண்டபத்தில் எழும்பி நின்று ஏன் என்று கேட்டவன் நான். பிள்ளைகள், அன்று வரம்பில் நான் ஏன் என்று கேட்கவில்லை. பழக்கம் அது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், கேட்டால் அவர் யோசிப்பார், யோசித்தால் மாமாவின் பெயர் வரும் என்று பயந்தேன். ஒருவர் காரணம் இல்லாமல் நமக்குத் தரும்போது அதை நாம் நல்ல மனம் என்போம். மாமா கொண்டுவந்த சொல் தராத பக்கத்துக்கு மட்டும்தான் என்று நான் எண்ணியிருந்தேன். அது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

மாமாவுக்குச் செய்தி என்னைவிட வேகமாகப் போய்விட்டது. அவர் மதகுக் கட்டில் குந்தியிருந்தார்.

"காக்கா உனக்குத் தந்திட்டாராம்."

"ஓம் மச்சான்."

"ஏனாம்?"

"நான் எதிர்ப்பட்டனாம்."

அவர் வாய்க்காலில் ஒரு மண்கட்டியை எறிந்தார். "நான் இண்டைக்கு விடிய அந்த வரம்பால வந்தன். அவர் வாற நேரம் பாத்து ஒண்டுக்கு இருக்கப் போனன்" என்றார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவரே சிரித்தார். பிறகு அந்தச் சொல்லை என்னைப் பார்த்துச் சொன்னார். மண்டபத்தில் சொன்னதுபோல விரலை நீட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அதிகாரியின் முகம் அன்று ஏன் சிவந்தது என்று அப்போதுதான் விளங்கியது. தப்பு ஒன்றும் செய்யாமலே முகம் சிவக்கும்.

"ஏஜென்சிக்காரனிட்ட ஆள் மாறும் எண்டு சொல்லு" என்றார். "ஆத்தில மீனும் இல்ல. வலையும் கிழிஞ்சு போச்சு. நான் போறன்."

"மச்சான், துண்ட நீ செய். நான் போறன்."

"போடா. காக்கா தந்தத நீ எனக்குத் தந்தா, மறுகா அவரும் நானும் எந்த முகத்தோட வரம்பில எதிர்ப்படுறது?"

அது உண்மை. தந்ததை மாற்றினால் தந்தவரை அவமதித்ததாகும். நான் இன்னும் இரண்டு தரம் வற்புறுத்தினேன். மூன்றாம் தரம் வற்புறுத்தவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது அவள் பையை எடுத்துப் பார்த்தாள். தூசி தட்டிய அதே பையைத்தான் அண்ணனுக்குக் கொடுத்தனுப்பினாள். அன்று அவள் அழுதது அண்ணன் போவதற்காகவா, நான் போகாததற்காகவா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே அழுதிருக்கலாம். மாமி உங்களுக்கு வட்டிலப்பம் அவித்துத் தந்தார், நீங்கள் மாமா ஏறிப் போன வாகனத்தைப் பார்த்துக் கை காட்டினீர்கள். அவ்வளவுதான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

காக்காவின் துண்டு பிழையில்லாமல் விளைந்தது. ஒரு பங்கை மாமி வீட்டில் இறக்கினேன். மாமி, "இது எதுக்கு அண்ணன்?" என்றார். நான் மூட்டையைச் சுவரோடு சாய்த்துவிட்டு வந்தேன்.

இப்போது மாரி மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. குளம் நிரம்பி வான் பாய்கிறது. மேலும் கீழும் எல்லோருக்கும் தண்ணீர், எந்தக் கோடும் வேண்டியதில்லை. ஆனால் மாமாவின் வயலில் விதைக்க ஆளில்லை. மாமிக்குத் தனியே முடியாது, எனக்கு என் வயலே போதும். போன வெள்ளிக்கிழமை மாமா வட்ஸ்அப்பில் எடுத்தார். அங்கே அவர் ஏதோ சுவர் நிழலில் நின்றார்.

"மச்சான், வயலச் சும்மா விடாத. ஆருக்காவது குடு."

"ஆருக்கு?"

"உன்ட விருப்பம். நான் காரணம் கேக்க மாட்டன்."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அவர் சிரித்தது எனக்குக் கோபமாக இருந்தது.

அன்றிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். ஒருவருக்கு நான்கு பிள்ளைகள், சொந்தக் காணி ஓரடியும் இல்லை. இன்னொருவர், மகள், உனக்குக் காய்ச்சல் வந்தபோது மழையில் மோட்டார் சைக்கிளில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். வட்டவிதானையின் மருமகனும் கேட்டுவிட்டான். காக்கா மட்டும் கேட்கவில்லை. அதனாலேயே அவருக்குக் கொடுக்க வேண்டும்போல இருக்கிறது. காரணம் இல்லாமல் முடிவெடுப்பதுதான் அநியாயம் என்று நினைத்தவன் நான். இப்போது என்னிடம் எல்லோருக்கும் காரணம் இருக்கிறது. ஒவ்வொருவருடைய காரணமும் மற்றவருடையதைவிட அரை அங்குலம் உயரம். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர்கள் அந்தச் சொல்லை என் வாசல் படலையில் வைத்துச் சொல்வார்கள். ஊருக்கே இப்போது அந்தச் சொல் தெரியும்.

பூக்கட்டிப் பார்க்கலாம் என்று அம்மா சொல்கிறாள். நான் வேண்டாம் என்றேன். பிள்ளையாரை இதற்குள் இழுத்தால் அவருக்கும் ஊரில் நிம்மதி போய்விடும்.

விதைப்புக்கு நாள் கிட்டிவிட்டது. வெளியே சைக்கிள் மணி கேட்கிறது. தம்பி, யாரென்று எட்டிப் பார். யாராக இருந்தாலும் அப்பா வயலுக்குப் போய்விட்டார் என்று சொல்லு. எந்த வரம்பு என்று கேட்டால் தெரியாது என்று சொல்லு.